நூலோடிய வழி – 14: மில் முதலாளி சேர்த்த கைத்தறி

போன கிழமை அகமதாபாத்தில், கலிக்கோ மில் வாசலில் விட்டிருந்தேன். அந்த மில்லை நடத்திய சாராபாய் குடும்பத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பட்டோலாத் துணி இந்தோனேசியாவுக்குக் கப்பலேறிய கதையை இன்று எழுதுவதாக இருந்தது. இடையில் ஒரு செய்தி வாசிக்கக் கிடைத்தது. அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

கௌதம் சாராபாய் நூலுக்கும் சாயத்துக்கும் நடுவில் வளர்ந்தவர். 1880இல் தொடங்கிய மில் அவர்களுடையது. துணி விற்ற குடும்பத்தைத் துணி சேர்க்க வைத்தது யார் தெரியுமா? நம்முடைய ஆனந்த குமாரசுவாமி! 1877இல் கொழும்பில் பிறந்த, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். துணிக்கென்றே அகமதாபாத்தில் ஒரு நிறுவனம் வேண்டும் என்று 1940களின் தொடக்கத்தில் கௌதமிடம் எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

அவரும் கலை படிக்கப் புறப்பட்டவரல்லர். இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமை தாங்கி ஊரூராகச் சுற்றியவர், கைவினைஞர்களைக் கண்டு நின்றுவிட்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் பெருநூல் வெளியிட்டார். கைவினையைப் போற்றிய வில்லியம் மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் ஓடிய அதே கையச்சுப் பொறியில்தான் அந்த நூலை அடித்தார். இயந்திரத்தை நம்பாத ஒருவரின் பேச்சு மில் முதலாளி ஒருவரின் மனதில் இறங்கியதை எண்ண எண்ண வியப்பாயிருக்கிறது.

அந்தப் பேச்சில் பிறந்த துணி அருங்காட்சியகத்தை 1949இல் நேரு திறந்தபோது குமாரசுவாமி உயிரோடு இல்லை. 1947லேயே காலமாகிவிட்டார். கௌதமும் தங்கை கிராவும் ஆரம்பத்தில் மில் துணிக்கும் அங்கே இடம் வைத்தார்கள். சில ஆண்டுகளில் அதை விட்டுக் கைவேலைத் துணிகளிலேயே இறங்கினார்கள். அரசர்கள் அழகுக்காகச் சேர்ப்பார்கள். மில் நடத்தியவருக்கோ இயந்திரத்தால் எது முடியாது என்பது துல்லியமாகத் தெரியும். உதாரணத்துக்கு, பட்டோலாவில் பாவு, ஊடை இரண்டையும் தறியேற்றுமுன்பே கட்டிக்கட்டிச் சாயம் தோய்க்கிறார்கள். ஓர் இழை தள்ளினாலும் பூவின் ஓரம் சிதறும். மருதமுனை நெசவாளிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குடும்பத்தில் இன்னொருவரும் உண்டு. கௌதமின் மாமி அனசூயா, 1918இல் காந்தியோடு சேர்ந்து மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்தினார். எதிரே முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியது அவருடைய சொந்தத் தம்பி, கௌதமின் தகப்பன் அம்பாலால். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

கலிக்கோ மில் 1990களில் நின்றுபோனது. அருங்காட்சியகத் துணிகள் 1983லேயே ஷாஹிபாக்கிலுள்ள குடும்ப வளவுக்கு மாறிவிட்டதால் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

நாமும் காக்கலாம்: மருதமுனை வீடுகளில் உம்மா, வாப்பா காலத்துச் சாறனோ சேலையோ பெட்டியடியில் கிடந்தால் கிழித்துத் துடைக்கும் துணியாக்கிவிடாதீர்கள். 2004 சுனாமியில் தறிகளோடு எத்தனையோ மாதிரிகளை இழந்த ஊர் இது. நெய்தவர் பெயரும் வருடமும் தெரிந்தால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சேர்த்து வையுங்கள்.

பட்டோலா அடுத்த கிழமை நிச்சயம் கப்பலேறும். இந்தோனேசியத் தீவுகளில் அதைக் கட்டாமல், வெட்டாமல் பரம்பரைச் சொத்தாய்க் காத்த குடும்பங்களிலிருந்து தொடங்குகிறேன்.