கேமராவுக்கு முதல் போடுமுன்

மளிகைக் கடைக்காரருக்குக் கேமராவில் என்ன வேலை என்று நம் உறுப்பினர்களில் சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரத்திலும் கடை வைத்திருக்கும் குடும்பங்களில், கல்லாவில் உட்கார மனமில்லாத பிள்ளைகள் போட்டோ தொழிலுக்குப் போக ஆசைப்படுகிறார்கள். முதல் போடுவது யார்? அப்பாவின் கடைதான். சீட்டு எடுத்த பணமோ, நகையை அடகு வைத்த பணமோ ஒரே நாளில் ஒரு சிறு பெட்டிக்குள் போய்விடுகிறது. துவரம்பருப்பில் கிலோவுக்கு ஐம்பது காசு குறையுமா என்று நான்கு மண்டி ஏறி இறங்குகிற நாம், லட்ச ரூபாய்ச் சாமானை விற்பவர் வார்த்தையை மட்டும் நம்பி வாங்கி வருகிறோம். அது கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

கேமரா என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு சாமான்கள். ஒன்று பாடி, மற்றொன்று லென்ஸ். ஃபிலிம் காலத்தில் பாடி என்பது வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, அவ்வளவே. பென்டாக்ஸ் கே1000 என்ற ஒரே மாடல் 1976 முதல் 1997 வரை விற்றது. நிக்கான் எஃப்எம்2 1982-இல் வந்து 2001 வரை ஓடியது. ஸ்டூடியோக்காரர் ஒரு பாடியை வாங்கினால் மகன் தலையெடுக்கும் வரை அதை வைத்தே பிழைத்தார். இன்று ஃபிலிமின் வேலையைச் செய்யும் சென்சார் பாடிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சில ஆண்டுக்கு ஒரு முறை புது மாடல் வருகிறது. வந்த அன்றே பழைய மாடலின் விலை சரிகிறது. பாடியை அழுகும் சரக்காகவே கருத வேண்டும். நல்ல லென்ஸ் அப்படியல்ல. பத்து ஆண்டு உழைத்த பிறகும் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் வாங்க ஆள் உண்டு. எனவே கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கு லென்ஸுக்கும் மிச்சம் பாடிக்கும் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. கடைகளில் நடப்பதோ நேர் எதிர்: விலை உயர்ந்த பாடி, அதனோடு டப்பாவில் இலவசம் போல வரும் 18–55 லென்ஸ்.

லென்ஸை மாட்டும் வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். தராசுக்குத் தட்டு பொருந்துவது போல இது பொருந்தியாக வேண்டும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதலும், கேனானின் இஎஃப் மவுண்ட் 1987 முதலும் இருப்பவை. 2018-இல் இரு நிறுவனங்களும் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராக்களுக்கு இசட், ஆர்எஃப் என்ற புது மவுண்டுகளைக் கொண்டுவந்தன. பழைய லென்ஸை அடாப்டர் வைத்துப் புதுப் பாடியில் மாட்டலாம். புது லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட வழியில்லை. நிக்கானின் பழைய லென்ஸ்களில் மோட்டார் இல்லாதவை உண்டு. அவை டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் தானாக ஃபோகஸ் ஆகமாட்டா. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் ஆகமாட்டா. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டுக் கையால் திருகிக்கொண்டிருந்தால் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் போய்விடுவார்.

இனி எந்த வேலைக்கு எது என்று பார்ப்போம். மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைப் படம் எடுத்துக் கையோடு பிரிண்ட் கொடுக்கும் தொழில் செல்போன் வந்த பிறகு மெலிந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் குடும்பப் படம் எடுக்கச் செல்போனே போதும். போனால் முடியாத வேலைக்குத்தான் வாடிக்கையாளர் காசு கொடுப்பார். அந்த வேலைக்குத்தான் லென்ஸ் வாங்க வேண்டும். அர்ச்சுனன் தபசையே எடுத்துக்கொள்வோம். சுமார் 90 அடி அகலமுள்ள பாறை. சாதாரண 18–55 லென்ஸிலேயே 70, 75 அடி பின்வாங்கி நின்றால் முழுதும் அடங்கிவிடும். இதற்காகத் தனியே வைட் லென்ஸ் வாங்கத் தேவையில்லை. தேவையானது நேரம். பாறை கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் சற்று ஏறிச் சாய்வாக விழும்போதுதான் செதுக்கிய உருவங்களின் விளிம்பு நிழலோடு எழுந்து தெரியும். மாலையில் போனால் முழுப் பாறையும் நிழலில் கிடக்கும்.

மகிஷாசுரமர்த்தினி குகைக்குள் போனால் கதை வேறு. உள்ளே வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் அடித்தால் சிற்பம் தட்டையாகச் சுவரொட்டி போல விழும். இங்கே வேண்டியது வாய் அகன்ற லென்ஸ். எஃப் 5.6 உள்விடும் வெளிச்சத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கை எஃப் 1.8 உள்விடும். எண் சிறுத்தால் வாய் பெருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 35 அல்லது 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் எல்லா நிறுவனங்களிலும் மலிவான சாமான். முதலில் வாங்க வேண்டியதும் அதுவே. டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவுக்கு எட்ட இருந்து எடுக்க 70–200, எஃப் 2.8 வேண்டும். விலை கனம், எடையும் கனம். ஆண்டுக்கு நான்கு நாள் வேலைக்கு இதை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

பறவைப் படம் எடுக்க வேடந்தாங்கல் போகிறவர்களுக்கு 400 மி.மீ.க்குக் குறைந்தால் ஏமாற்றமே. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் ஏரி நடுவே மரங்களில் இருக்கும், நாம் கரையில் நிற்போம். சிறிய சென்சார் பாடி இங்கே லாபம்: 400 மி.மீ. லென்ஸ் அதில் 600 மி.மீ. போல நெருங்கிக் காட்டும். சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150–600 லென்ஸ்கள் பலருக்கும் எட்டும் விலையில் வந்தவை. ஆனால் பறவைப் படத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதையும் மகனிடம் கேட்டுவிடுங்கள். ஆசைக்கு வாங்குவது தவறல்ல. அதைத் தொழில் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

கடலோரத்தில் ஃபில்டர் பற்றிப் பலவிதமாகச் சொல்கிறார்கள். யு.வி. ஃபில்டரால் டிஜிட்டல் படம் மேம்படாது. ஆனால் உப்புக் காற்றில் நிற்கும்போது துடைக்கப்படுவது லென்ஸின் கண்ணாடியா, சில நூறு ரூபாய் ஃபில்டரா என்பது கேள்வி. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரையில் வேலை செய்கிறவர்கள் மாட்டியே வைக்கட்டும்; இரவு விளக்கு வெளிச்சத்தில் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் படத்தில் விளக்கு இரட்டையாகத் தெரியும். போலரைசர் என்பது உண்மையில் பயனுள்ளது. சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று வளையத்தைத் திருப்பினால் வானம் கறுத்து நீலமாகும், தண்ணீரின் பளபளப்பு குறையும். பிளாஸ்டிக் கவர் போட்ட மளிகைப் பொட்டலத்தையும் எண்ணெய்ப் பாட்டிலையும் கடை விளம்பரத்துக்கு எடுக்கும்போதும் இதுவே உதவும். பித்தளை, எவர்சில்வர் பாத்திரத்தில் மட்டும் பலிக்காது. உலோகத்தின் நேரடிப் பளபளப்பை அது அடக்காது. பாத்திரக் கடைக்காரர்கள் வெள்ளைத் துணி வழியாக வெளிச்சம் விடுவதே நல்லது. அலையைப் பனி போல ஆக்கும் என்.டி. ஃபில்டருக்கு ஸ்டாண்டு வேண்டும்: பத்து ஸ்டாப் ஃபில்டர் போட்டால் 1/60 நொடி, 16 நொடி ஆகிவிடும். நினைவுச் சின்னங்களுக்குள் ஸ்டாண்டு ஊன்றவும் தொழில்முறைப் படப்பிடிப்புக்கும் மத்தியத் தொல்லியல் துறையின் முன் அனுமதி தேவை. கல்யாணத்துக்கு முந்திய ‘அவுட்டோர்’ எடுக்க ஜோடியைக் கடற்கரைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறவர்கள் இதை முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும். ஃபில்டர்களை 77 மி.மீ. அளவில் ஒரே செட்டாக வாங்கி, சிறிய லென்ஸ்களுக்கு வளையம் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனிச் செலவு இல்லை.

வருமானம் என்று பார்த்தால் இந்த மாவட்டத்தில் கல்யாணம்தான். அதற்கு 24–70, எஃப் 2.8 லென்ஸ், ஒரு ஃபிளாஷ், முக அழகுக்கு 85 மி.மீ., எஃப் 1.8. பாடியில் நாங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்வது ஒன்றே ஒன்று: மெமரி கார்டு போடும் இடம் இரண்டு இருக்க வேண்டும். ஒரு கார்டு பழுதானாலும் மற்றதில் படம் இருக்கும். தாலி கட்டும் நேரம் இரண்டாம் முறை வராது. அந்தப் படம் இல்லை என்றால் பெண் வீட்டார் பணத்தை மட்டுமா திருப்பிக் கேட்பார்கள்? குறைந்த விலைப் பாடிகளில் பெரும்பாலும் ஒரு இடமே உண்டு. இரண்டு இடமுள்ள பழைய பாடி, ஒரு இடமுள்ள புதுப் பாடியை விட மேல்.

பழையது வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் 2000 படம் என்றால் 50 கல்யாணத்தில் ஒரு லட்சம். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை போலத் தெரியும். ஜூம் வளையத்தைத் திருகும்போது நறநறவென்றால் கடற்கரை மணல் உள்ளே போயிருக்கிறது, தொடாதீர்கள். ஈரம் பிடிக்காமலிருக்கக் கேமராவை அரிசி மூட்டையில் புதைத்து வைக்கிறார்கள். அரிசியின் தவிடும் தூசும் லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

கடைசியாக பில். பில் இல்லாமல் வெளிநாட்டுச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். அதற்கு இங்கே நிறுவனத்தின் வாரண்டி கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் தங்கள் எண்ணைப் பில்லில் போடச் சொல்லி வாங்கினால், கேமரா அந்தத் தொழிலுக்கே பயன்படும்போது கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரவு எடுக்கலாம். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரவு இல்லை. மளிகைக் கடையின் எண்ணில் வாங்கி மகனின் தனித் தொழிலுக்குக் கொடுத்தால் வரவு செல்லாது. பையன் பெயரில் தனியே பதிவு செய்து, அவன் எண்ணிலேயே பில் போட்டு வாங்க வேண்டும்.