காவலற்ற கணக்கு

ஜவ்வாது மலையின் மேலே, ஆலங்காயத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில், காவலூர் என்றொரு சிற்றூர் உண்டு. ஊர் சிறிது, கீர்த்தியோ பெரிது. வைணு பாப்பு என்னும் வானநூற் பேரறிஞர் இந்த மலையைத் தேர்ந்தெடுத்து, 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை இங்கே நிறுவச் செய்தார். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை வடிவமைத்துக் கட்டியவர்கள் நம் தேசத்தாரே. 1982-ல் காலமான பாப்புவின் பெயரையே அதற்கு இட்டார்கள்.

இங்கே நடப்பது ஒரு விதத்தில் காவல் வேலைதான். வானம் தெளிந்த இரவெல்லாம் விழித்திருந்து, எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டு வந்த ஒளியைப் பிடித்துப் பதிவு செய்து பத்திரப்படுத்துகிறார்கள். உலகத்து வானாராய்ச்சிக் கூடங்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பாடுபட்டுப் பதிவு செய்தவர் சிறிது காலம் அதைத் தம்மிடம் வைத்துக் கொள்வார். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாமென்று பொதுவில் வைத்து விடுவார்கள். நட்சத்திரம் யாருடைய சொத்தும் அன்று அல்லவா?

இத்தகைய இடங்களையும் கணினித் திருடர்கள் விட்டு வைக்கவில்லை. 2022 அக்டோபர் 29-ந் தேதி சிலி நாட்டு அடகாமா பாலைவனத்திலுள்ள ஆல்மா என்னும் மாபெரும் ஆராய்ச்சிக் கூடத்தின் கணினிகளில் யாரோ புகுந்து விட்டார்கள். அதன் 66 வான் அலைத் தட்டுகளும் வேலையின்றி நின்றன. டிசம்பரில்தான் மறுபடி ஆராய்ச்சி நடந்தது. போன இரவுகள் போனவைதாம். எனினும், நட்சத்திரத்தின் ஒளி மறுநாளும் வரும். மனிதனைப் பற்றிய குறிப்பு திருட்டுப் போனாலோ கதை வேறு. அதைப் பற்றித்தான் இங்கு எழுதப் புகுந்தோம்.

மலையிலிருந்து இறங்கி ஆலங்காயம் பஸ் நிலையத்துக்கு வந்தால், செல்போனைக் கையில் பிடித்து இணைய விளையாட்டில் மூழ்கியிருக்கும் வாலிபர்களைக் காணலாம். ஆலங்காயம் என்ன, தமிழ்நாட்டின் எந்தப் பஸ் நிலையத்திலும் இதே காட்சிதான். விளையாடுவதை நாம் குறை கூறவில்லை. உழைத்துக் களைத்தவனுக்குக் கொஞ்சம் பொழுதுபோக்கு வேண்டியதே. ஆனால் ஆட்டத்துக்குள் நுழையுமுன் அவன் தன் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், சில ஆட்டங்களில் வங்கிக் கணக்கு, ஆதார் ஆகிய எல்லாவற்றையும் வாசலில் எழுதிக் கொடுத்து விட்டுத்தான் போகிறான். அந்த ஏடு எங்கே இருக்கிறது? அதற்குப் பூட்டு உண்டா? சாவி யாரிடம்? அவன் கேட்பதில்லை, கேட்டாலும் பதில் சொல்லுவாரில்லை.

இந்த ஏடு களவு போனால் என்ன ஆகுமென்பதை உலகம் 2011-ல் பார்த்தது. ஜப்பான் தேசத்து ஸோனி கம்பெனி, பிளேஸ்டேஷன் நெட்வொர்க் என்ற இணைய விளையாட்டுச் சேவையை நடத்தி வருகிறது. அவ்வாண்டு ஏப்ரல் 17-க்கும் 19-க்கும் இடையே அதன் கணினிகளுக்குள் அந்நியர் புகுந்தார்கள். 20-ந் தேதி கம்பெனி தன் சேவையை நிறுத்தி விட்டது. உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்கள் விளையாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், கதவு சாத்தியிருந்தது. ஏன் சாத்தியிருக்கிறதென்று கேட்டவர்களுக்கு, கோளாற்றை ஆராய்ந்து வருகிறோம் என்பதே முதற் பதில். 22-ந் தேதி, வெளியார் புகுந்தது உண்மையென்று ஒப்புக் கொண்டார்கள். பெயர், விலாசம், பிறந்த தேதி, மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் களவு போயிருக்கின்றன என்பதைச் சொன்னதோ 26-ந் தேதி! கடன் அட்டை எண்கள் போகவில்லையென்று உறுதியாகச் சொல்லவும் அன்று அவர்களால் இயலவில்லை. ஏறக்குறைய 7 கோடியே 70 லட்சம் கணக்குகள். மே மாதம் 2-ந் தேதி, அதே கம்பெனியைச் சேர்ந்த மற்றொரு விளையாட்டுப் பிரிவிலும் 2 கோடியே 46 லட்சம் கணக்குகள் பறிபோயிருக்கலாமென்ற செய்தி வந்தது.

20-க்கும் 26-க்கும் இடையே ஆறு நாட்கள். இந்த ஆறு நாட்களையே நேயர்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் திருடன் புகுந்தால் அண்டை வீட்டானைக் கூவி எழுப்புகிறோம். வங்கியில் நகையை அடகு வைத்தவன், வங்கியில் கன்னம் வைத்த செய்தியை ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பொறுப்பானா? எது போயிற்று என்று நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து தெளிய நாளாயிற்று என்பது கம்பெனியின் சமாதானம். ஆராய்ச்சிக்கு நாள் பிடிக்கும் என்பது மெய்தான். ஆனால் 'போயிருக்கக் கூடும், உங்கள் கடவுச்சொல்லை மற்ற இடங்களில் மாற்றிக் கொள்ளுங்கள்' என்று எச்சரிக்க எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. பலர் ஒரே கடவுச்சொல்லை விளையாட்டுக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பது ஊரறிந்த சங்கதி. திருடனுக்கு அந்த ஆறு நாளும் லாபம்.

மேலும், கடவுச்சொல்லையாவது மாற்றிக் கொள்ளலாம். கடன் அட்டையை ரத்துச் செய்து புதியது வாங்கலாம். பிறந்த தேதியை மாற்றுவதெப்படி?

மே 1-ந் தேதி டோக்கியோவில் கம்பெனியின் பெரிய நிர்வாகியான காஸுவோ ஹிராயும் அவருடைய சகாக்களும் பத்திரிகைக்காரர்கள் முன் நின்று, தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார்கள். ஏற்கெனவே உலகம் அறிந்திருந்த ஒரு ஓட்டையின் வழியாகவே அந்நியர் புகுந்தார்கள் என்பது அந்தச் சமயத்தில் வெளியாயிற்று. சுமார் 23 நாட்கள் மூடிக் கிடந்த பிறகு, மே மாத நடுவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேவை மீண்டது. ஜப்பானில் இன்னும் சில நாட்கள் தாமதமாயிற்று. ஆட்டக்காரர்களுக்கு இரண்டு ஆட்டங்களை இனாமாகக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள். இந்த விபத்தால் தனக்கு 1,400 கோடி யென் செலவாகுமென்று கம்பெனி மதிப்பிட்டது. 2013 ஜனவரியில் பிரிட்டிஷ் தகவல் ஆணையர், மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாமென்று கூறி, இரண்டரை லட்சம் பவுன் அபராதம் விதித்தார். அந்தப் பணம் பிரிட்டிஷ் கஜானாவுக்குப் போயிற்று. அமெரிக்காவில் ஆட்டக்காரர்களே கூடி வழக்குத் தொடர்ந்ததனால் 2014-ல் ஒன்றரைக் கோடி டாலர் அளவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. இதற்கிடையில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்ட நான்கே மாதங்களில், 2011 செப்டம்பரில், அந்தக் கம்பெனி தன் ஒப்பந்த வாசகத்தைத் திருத்தி, இனிமேல் ஆட்டக்காரர்கள் கூட்டாக வழக்குத் தொடர்வதற்குத் தடை போட்டுக் கொண்டது! தலை தாழ்ந்தது மெய். கை சும்மா இருக்கவில்லை.

நிற்க. ஜப்பான் கம்பெனிக்கு நேர்ந்ததைப் பற்றித் தமிழ்நாட்டில் நமக்கென்ன என்று கேட்பவர் இருக்கலாம். நம் நிலைமையைப் பார்ப்போம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு தமிழ்நாட்டுச் சட்டசபை 2022-ல் சட்டம் செய்தது. அது 2023-ல் அமலுக்கு வந்தது. அதன் கீழ் 2025 பிப்ரவரியில் வெளியான விதிகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாதென்றும், ஆடுகிறவர் யாரென்பதை ஆதார் மூலம் சரிபார்க்க வேண்டுமென்றும் கட்டளையிட்டன. அந்தரங்க உரிமைக்கு இது பங்கம் என்று கம்பெனிகள் வாதாடின. ஜூன் 3-ந் தேதி சென்னை ஹைகோர்ட் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, விதிகள் செல்லுமென்று தீர்ப்பளித்தது. சிறுவர்கள் சூதில் விழாமல் தடுக்க வயதைச் சரிபார்க்க வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் பார்லிமெண்ட், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தேசமெங்கும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. உடனே பெரிய கம்பெனிகள் பண ஆட்டங்களை நிறுத்தி விட்டன.

ஆட்டம் நின்றது, ஆட்டக்காரர் எழுதிக் கொடுத்த ஏடு என்னவாயிற்று? நாம் கேட்பது இதைத்தான். மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் வெளியிட்ட தரவுப் பாதுகாப்பு விதிகளில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 50 லட்சம் பேருக்குக் குறையாமல் பதிவு செய்துள்ள இணைய விளையாட்டுக் கம்பெனி, ஒருவர் கடைசியாக வந்து போன நாளிலிருந்தோ, விதிகள் அமலான நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 3 ஆண்டுகள் சென்ற பின் அவருடைய குறிப்புகளை அழித்து விட வேண்டுமாம். மூன்று ஆண்டு! ஆட்டமே சட்ட விரோதமென்று ஆன பிறகு, ஆட்டக்காரனின் பிறந்த தேதி அத்தனை காலம் எதற்கு? கணக்குத் தீர்க்கவும் வரிக்கும் சில தஸ்தாவேஜுகள் வேண்டியிருக்கலாம். மற்றவற்றை வைத்திருப்பது திருடனுக்கு விருந்து வைப்பதாகும்.

திருட்டுப் போனால் என்ன பரிகாரம் என்று அடுத்தபடி பார்க்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறினார்கள். அதன் பயனாக 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதில் நல்ல அம்சங்கள் உண்டு. காவலில் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரையிலும், தவறைத் தெரிவிக்காத கம்பெனிக்கு 200 கோடி வரையிலும் அபராதம். களவு போன விஷயத்தைப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். 2022-ல் பிறந்த உத்தரவு, 6 மணி நேரத்துக்குள் சர்க்கார் நிபுணர் குழுவுக்குத் தெரிவித்தால் போதுமென்று மட்டும் சொல்லிற்று. உரியவனுக்குச் சொல்லும்படி சொல்லவில்லை. ஆகவே இது முன்னேற்றமே.

ஆனால் அபராதப் பணம் எங்கே போகிறது? அச்சட்டத்தின் 34-வது பிரிவின்படி முழுவதும் மத்திய சர்க்காரின் கஜானாவுக்கே. ஏமாந்தவனுக்கு ஒரு காசும் இல்லை. அதுமட்டுமா? 2000-த்தின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்றொரு பிரிவு உண்டு. காவலில் அசட்டையாக இருந்த கம்பெனி, நஷ்டப்பட்டவனுக்கு ஈடு கொடுக்க வேண்டுமென்பது அதன் சாரம். புதிய சட்டத்தின் 44-வது பிரிவு, இந்த 43ஏ பிரிவை அடியோடு நீக்கி விடுகிறது! அந்த நீக்கத்துக்கு 18 மாதத் தவணை கொடுத்து 2025 நவம்பரில் உத்தரவு வெளியாயிற்று. பழைய பிரிவு குறைவற்றதென்று நாம் சொல்லவில்லை. அதன் கீழ் 2011 ஏப்ரல் 11-ந் தேதி வெளியான விதிகளில், கடவுச்சொல்லும் வங்கி விவரமும் முக்கியக் குறிப்புகளாக எண்ணப்பட்டன. பெயரும் பிறந்த தேதியும் எண்ணப்படவில்லை. (அந்த விதிகள் வெளியான மறு வாரத்திலேதான் ஸோனி கம்பெனியில் கன்னம் விழுந்தது.) ஆயினும் குறையுள்ள கதவும் கதவுதான். அந்தச் சட்டத்தின் கீழ் சாமானியன் ஈடு பெற முடியுமென்பதற்கு நம் மாகாணத்திலேயே சான்று உண்டு. 2010 ஏப்ரலில், இணைய மோசடியில் பணமிழந்த ஒரு வாடிக்கைக்காரருக்கு 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்குமாறு தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் ஒரு வங்கிக்கு உத்தரவிட்டார். அது 43ஏ-யின் கீழ் பிறந்த தீர்ப்பன்று. அதன் அண்டைப் பிரிவைச் சார்ந்தது. ஆனால் மனுச் செய்தவன் கையில் பணம் சேர வேண்டுமென்ற நியாயம் ஒன்றே.

புதிய சட்டத்தில் பிரஜைக்கென்றே ஓர் அபராதமும் எழுதி வைத்திருக்கிறார்கள். பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும். பறிகொடுத்தவனுக்கு வரவு கிடையாது. செலவுக்கு மாத்திரம் இடமுண்டு!

நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆயின் கோடி பேர் பெயர் போன இடத்தில், ஒவ்வொருவனும் தன் நஷ்டம் இன்னதென்று தனித்தனியே ருசுப்படுத்தப் போக வேண்டும். 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சந்தாதாரர்களில் 3 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஒருவன் டெலிகிராம் மூலம் பறை சாற்றினான். கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை கேட்டது. கம்பெனிக்கு வக்கீல் உண்டு. நோய் விவரம் வெளியான ஏழைக்கு யார் உண்டு?

ஈடு கொடுக்கச் சொன்னால் கம்பெனிகள் நசித்துப் போகும், இளந்தொழில்கள் தலையெடுக்கா என்று ஒரு சாரார் அங்கலாய்க்கிறார்கள். 250 கோடி அபராதத்தால் நசியாத கம்பெனி, அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவனுக்குப் போனால் மாத்திரம் நசித்து விடுமோ? கம்பெனி கொடுக்கும் தொகை ஒன்றே. பெறுகிறவர் யாரென்பதே கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்குப் போயிருக்கும் மக்கள் சபை அங்கத்தினர் 39 பேரும் ராஜ்ய சபை அங்கத்தினர் 18 பேரும் கட்சி பேதமின்றி ஒரு திருத்த மசோதாவுக்கு முயலலாம். வசூலாகும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவர்களுக்கென ஒதுக்க வேண்டும். அதுவரை 43ஏ-யைத் தொடக் கூடாது. தமிழ்நாட்டு இணைய விளையாட்டு ஆணையமோ, எந்தெந்தக் கம்பெனி எத்தனை தமிழ்நாட்டாருடைய குறிப்புகளை இன்னும் வைத்திருக்கிறதென்று கேட்டு வாங்கி, அந்தக் கணக்கைப் பிரசுரம் செய்யலாம். இதற்குச் சட்டம் திருத்த வேண்டிய அவசியங்கூட இல்லை. ஒரு கடிதம் எழுதினால் போதும்.

சென்ற முறை காவலூரிலிருந்து இறங்கி வந்தபோது, ஆலங்காயத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த வாலிபர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். முன்பு பண ஆட்டம் ஆடிக் கொஞ்சம் இழந்தவர். இப்போது விட்டு விட்டதாகச் சொன்னார். கொடுத்த ஆதாரையும் வங்கி விவரத்தையும் அழிக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினீர்களா என்று கேட்டோம். அதற்கு முதலில் கணக்கினுள் போக வேண்டுமாம். கடவுச்சொல் மறந்து போயிற்று, போன் நம்பரும் மாறி விட்டது, உள்ளே போக வழியில்லை ஐயா என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய் விட்டார்.