எல்லாப் பிழைகளையும் திருத்தலாமா?

ஆசிரியர் எழுதும் குறிப்பில் அக்கறை இருக்கும், இயந்திரம் தரும் குறிப்பில் உயிர் இருக்காது என்று பேச்சு எழும்போதெல்லாம் 1982-இல் வெளிவந்த ஓர் ஆய்வை நினைத்துக்கொள்வது நல்லது. நான்சி சாமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நியூயார்க், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்கள் 35 பேர் மாணவர் கட்டுரைகளில் எழுதிய குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தார். பல குறிப்புகள் எந்தக் கட்டுரையின் ஓரத்திலும் ரப்பர் ஸ்டாம்ப் போலக் குத்திவிடக்கூடியவை. ஒரு கட்டுரையை பெல் ஆய்வகத்தின் ‘ரைட்டர்ஸ் ஒர்க்பெஞ்ச்’ மென்பொருளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கணினி நிதானமாகப் பேசியது; ஆசிரியர்களில் பலர் எரிந்து விழுந்திருந்தார்கள். பரிவில் மனிதர் எப்போதும் மேல் என்ற கணக்கு அன்றே பொய்த்துவிட்டது. சாட்ஜிபிடி வந்தபின் நடக்கும் விவாதத்திலும், யாருடைய குறிப்பு உயர்ந்தது என்ற கேள்வியால் அதிகம் தெளிவு கிடைக்காது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்று, அதிலேயே ஆய்வேடும் எழுத வேண்டிய மாணவருக்கு, அந்தக் குறிப்பு கைக்கு வந்தபின் செய்வதற்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது என்பதே கேட்கவேண்டியது.

இந்தக் கேள்வி சாட்ஜிபிடிக்கு முன்பே எழுந்தது. இலக்கணப் பிழைகளைத் திருத்துவதையே கைவிட வேண்டும் என்று 1996-இல் ஜான் ட்ரஸ்காட் என்ற ஆய்வாளர் எழுதினார். திருத்தித் தந்த தாளை மாணவர் பார்க்கிறார், பிரதியெடுக்கிறார், அடுத்த கட்டுரையில் அதே பிழையை மறுபடி செய்கிறார். சிவப்பு மைக்குப் பயந்து சிறிய, எளிய வாக்கியங்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார் என்பது அவர் வாதம். டானா ஃபெரிஸ் என்ற இன்னோர் ஆய்வாளர் 1999-இல் மறுத்தார்: விதி சொல்லி விளக்கக்கூடிய பிழைகள் வேறு, சொல்தேர்வு போல விதிக்குள் அடங்காத பிழைகள் வேறு, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. பிறகு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிட்ச்னர், நோக் என்ற ஆய்வாளர்கள் 52 மாணவர்களைப் பத்து மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மற்றப் பிழைகளையெல்லாம் விட்டுவிட்டு ‘எ’, ‘தி’ என்ற ஆர்ட்டிகிள்களின் இரண்டே பயன்பாடுகளை மட்டும் சுட்டிக்காட்டினார்கள். குறிப்பு பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தேறினார்கள். அந்தத் தேர்ச்சி மாதங்கள் கடந்தும் நின்றது. தமிழ், சீனம், ஜப்பானியம் போன்ற மொழிகளில் ஆர்ட்டிகிளே கிடையாது. அப்படிப்பட்ட தாய்மொழியிலிருந்து வருபவர்களை எளிதில் விடாத பிழை இது. ட்ரஸ்காட் சொன்னதில் பாதி உண்மை, அவ்வளவுதான். திருத்துவது வீணல்ல, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்துவதுதான் வீண்.

செயற்கை நுண்ணறிவு இடறுவதும் இங்கேதான். கலிஃபோர்னியாவில் பள்ளி மாணவர் கட்டுரைகளை வைத்து நடத்தி 2024-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஐந்து அளவுகோல்களில் நான்கில் மனிதர் எழுதிய குறிப்புகளே முந்தின. எதை முதலில் சொல்வது, எதை இப்போதைக்கு விடுவது என்று வரிசைப்படுத்துவது அந்த நான்கில் ஒன்று. ஆனால் அந்த மனிதர்கள் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள். மேசையில் விடைத்தாள் கட்டு குவிந்துகிடக்கும் ஆசிரியரோடு ஒப்பிட்டிருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவர்களின் சந்தேகம் நியாயமானதே. இயந்திரம் சில நொடிகளில் பதில் தருகிறது, நள்ளிரவிலும் சலிக்காது. இந்த வேகத்தைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை. சிக்கல் வேறு: ‘இதைப் பார்’ என்று ஒரு பத்தியைக் கொடுத்தால், பெரும்பாலும் பத்தி முழுவதையும் புதிதாக எழுதியே நீட்டிவிடுகிறது. பிழையைக் கண்டுபிடிப்பது, காரணம் யோசிப்பது, மாற்றுச் சொல் தேடுவது என்று மாணவர் செய்யவேண்டிய மூன்றையும் அதுவே முடித்துவிடுகிறது.

அதனால் என்ன கெட்டுவிடும் என்பதற்குத் துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் கணிதப் பாடத்தில் நடந்த சோதனை விடை தருகிறது. சாட்ஜிபிடி போன்ற கருவியோடு பயின்றவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த இன்னொரு வடிவத்தில் இந்தச் சரிவு பெருமளவு மறைந்தது. அது கணிதமாயிற்றே, எழுத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆக்லாந்து முடிவும் இதுவும் ஒரே திசையைக் காட்டுகின்றன. குறை கருவியில் இல்லை, அதைப் பணிக்கும் முறையில் இருக்கிறது. ‘திருத்தாதே, ஆர்ட்டிகிள் தவறிய இடங்களை மட்டும் அடிக்கோடிடு’ என்றும் அதனிடம் கேட்கமுடியும். அந்த மாணவரின் முந்தைய கட்டுரைகளைப் படித்து, இந்த மாதம் ஆர்ட்டிகிள், அடுத்த மாதம் வினைச்சொல்லின் காலம் என்று முடிவெடுக்கும் வேலை ஆசிரியருடையது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் வேதியியல் ஆய்வாளருக்கு ஆங்கிலம் கற்பது இலக்கே அல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரோடு சமமாக நிற்க அவருக்குச் சீரான உரைநடை போதும். ஏற்கவேண்டிய வாதம்தான். சொந்தமாக எழுதினால் மட்டும் அவருக்கு நியாயம் கிடைத்துவிடுகிறதா என்ன? ஸ்டான்ஃபோர்டில் 2023-இல் இயந்திர எழுத்தைக் கண்டறியும் ஏழு கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய டோஃபல் தேர்வுக் கட்டுரைகள் 91-ஐக் கொடுத்தபோது, மனிதர் எழுதிய அவற்றில் சராசரியாக 61 சதவீதத்தை ‘இயந்திரம் எழுதியது’ என்று அவை குற்றம் சாட்டின. அதே கட்டுரைகளின் சொற்களை சாட்ஜிபிடியிடம் கொடுத்து மெருகேற்றியதும் குற்றச்சாட்டு வெகுவாகக் குறைந்தது. இந்தக் கேலிக்கூத்துக்கு விளக்கம் தேவையில்லை. ஆனாலும் அந்த வேதியியலாளருக்கு ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. ‘இவ்வாறு இருக்கக்கூடும் என்று தரவுகள் சுட்டுகின்றன’ என்று அவர் அளந்து எழுதிய வாக்கியம், மெருகேற்றும்போது ‘தரவுகள் நிறுவுகின்றன’ என்று மாறிவிடலாம். ஆங்கிலம் முன்னைவிட நன்றாக இருக்கும், அறிவியல் தவறாகிவிடும். அந்த வேறுபாட்டைப் பிடிக்கும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்.