கான்டாக்ட் லென்ஸ்: கண் பழகிவிடும், கை பழக வேண்டும்

மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டு கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்ற பேச்சு நம்மவர் வீடுகள் பலவற்றில் நடக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். மர்பி டவுனில் எங்கள் தெருவில் நான் லென்ஸ் போடுகிறவள் என்பது தெரிந்துபோனதால், மாலை நேரத்தில் வீட்டுக்கே வந்து விசாரிப்பவர்களும் உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கண்ணை உறுத்தாதா? எத்தனை நாளில் பழகும்?"

நான் மருத்துவர் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக லென்ஸ் அணிந்துவரும் ஒரு குடும்பப் பெண். கண் மருத்துவர் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் வாசக அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஏன் தேவைப்பட்டது?

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருபவர் முகம்கூடத் தெரியாது. ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள். பழைய மெட்ராஸ் சாலையில் மழை பிடித்துக்கொண்டால் கண்ணாடியில் துளிகள் படிந்து, எதிரே வரும் விளக்கெல்லாம் பூப்பூவாகச் சிதறும். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியைத் திணிப்பது வேறு தொல்லை. இதைக் கேட்ட மருத்துவர்தான் லென்ஸ் போட்டுப் பார்க்கலாமே என்றார். அழகுக்காகப் போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எதற்காகப் போட்டாலும் அது கண்ணின் மேல் உட்காரும் ஒரு மருத்துவச் சாதனம் என்பதை மறக்கக்கூடாது.

சமையலறையில் பிறந்த மெத்தென்ற லென்ஸ்

கண்ணுக்குள் வில்லை வைக்கும் எண்ணம் பழையது. சூரிச் நகரில் இருந்த அடால்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் 1888-ஆம் ஆண்டிலேயே கண்ணாடியால் ஆன லென்ஸ் பற்றி எழுதினார். கனமான அந்தக் கண்ணாடியைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. 1948-இல் அமெரிக்காவின் கெவின் டூயி, கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். அதுவும் கெட்டியானதுதான்.

இன்று நாம் போடும் மெத்தென்ற லென்ஸுக்கு வழி வகுத்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் வேதியியல் அறிஞர் ஒட்டோ விக்டர்லே. 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், தம் வீட்டுச் சமையலறை மேசைமேல், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானச் சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து ஒரு சுழலும் இயந்திரம் செய்தார். தண்ணீரை உறிஞ்சும் பிளாஸ்டிக்கை அதில் வார்த்து லென்ஸ் எடுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1971-இல், பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் அமெரிக்க அரசின் அனுமதியுடன் இந்த வகை லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தண்ணீரை உறிஞ்சும் என்றேன் அல்லவா, அதை நினைவில் வையுங்கள். நல்ல நீரை உறிஞ்சுவது அசுத்த நீரையும் உறிஞ்சும்.

முதலில் அளவெடுப்பு

கருவிழியின் முன்னால் கார்னியா என்ற தெளிவான படலம் இருக்கிறது. அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். ரத்தக் குழாய் ஓடினால் பார்வை மறைக்கும் என்பதால் அதில் ரத்தக் குழாயே கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. அந்தப் படலத்தின் மேல்தான், ஒரு மெல்லிய கண்ணீர்ப் படுகையில், லென்ஸ் மிதக்கிறது.

ஆகவே கண்ணாடிச் சீட்டைக் கடையில் நீட்டி லென்ஸ் வாங்கிவிடுவது சரியல்ல. கார்னியாவின் வளைவை அளக்க வேண்டும். கண்ணீர் போதிய அளவு சுரக்கிறதா, இமையின் உட்புறத்தில் அலர்ஜி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பவரும் மாறும். கண்ணாடி கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறது, லென்ஸோ கண்ணிலேயே படுகிறது. என் மைனஸ் ஆறு, லென்ஸில் மைனஸ் ஐந்தரை ஆயிற்று. நாற்பது வயதை ஒட்டியவர்களுக்கு ஒரு செய்தி: என்னைப் போன்ற மைனஸ்காரர்களுக்கு லென்ஸ் போட்டபின் செய்தித்தாள் எழுத்து முன்பைவிடச் சற்றுச் சிரமம் தரலாம். அது இயல்பு. மருத்துவரிடம் சொன்னால் வழி செய்வார்.

முதல் நாள்

நான் போன இடத்தில், போடவும் கழற்றவும் தானாகத் தெரியும்வரை வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. கண் அருகில் விரல் வந்தாலே இமை மூடிக்கொள்ளும். அது கண்ணின் இயற்கைக் காவல், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்குச் சொல்லித்தந்த முறை இது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியில் நன்றாகத் துடைக்க வேண்டும். மேசையில் சுத்தமான துண்டை விரித்து அதன்மேல் கண்ணாடி வைத்துக்கொள்ள வேண்டும். எப்போதும் வலக்கண்ணிலேயே தொடங்கினால் லென்ஸ் மாறிப்போகாது. லென்ஸை விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கிண்ணம் போல நின்றால் சரி. விளிம்பு தட்டு போல வெளியே விரிந்தால் அது உள்வெளி மாறியிருக்கிறது. ஒரு கையால் மேல் இமையை மயிர்க்கால் அருகே உயர்த்திப் பிடித்து, மறுகையின் நடுவிரலால் கீழ் இமையை இழுத்து, சுட்டுவிரலில் இருக்கும் லென்ஸை மெல்ல வைத்துவிட்டு, பொறுமையாகக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். கழற்றும்போது மேலே பார்த்துக்கொண்டு, லென்ஸைக் கீழே வெள்ளை விழிக்கு நகர்த்தி, இரு விரல்களின் சதைப் பகுதியால் கிள்ளி எடுக்க வேண்டும். நகம் படக்கூடாது.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். போகவே முடியாது. இமையின் உட்தோல் மடிந்து வெள்ளை விழியோடு சேர்ந்திருப்பதால் பின்புறம் வழியில்லை. இமைக்கு அடியில் ஒதுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு வாரம்

முதல் நாள் நான்கு மணி நேரம், அடுத்தடுத்த நாளில் ஓரிரண்டு மணி கூட்டிக்கொண்டு போகும்படி எனக்குச் சொன்னார்கள். முதல் மூன்று நாள் கண்ணில் ஏதோ இருக்கிறது என்ற நினைவு போகவில்லை, நீரும் வந்தது. அந்த நாட்களில் ஸ்கூட்டரைத் தொடவில்லை, பஸ்ஸில்தான் போனேன். ஐந்தாம் நாள் உறுத்தல் குறைந்தது. இரண்டாம் வாரம் ஒரு மாலை அல்சூர் ஏரிக்கரை வழியாக நடந்தபோது, 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைத் தூரத்திலிருந்தே பக்கவாட்டுப் பார்வையிலும் தெளிவாகப் பார்த்தேன். கண்ணாடியில் சட்டத்துக்கு உள்ளே தெரிவது மட்டும்தான் உலகம். லென்ஸில் அந்தச் சட்டம் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுத்தல் இருக்கலாம், வலி இருக்கக்கூடாது. வலித்தால் பழகட்டும் என்று பொறுத்துக்கொள்வது தவறு. கெட்டியான வகை, அதாவது செமி-சாஃப்ட் என்று இங்கே கடைகளில் சொல்வது, பழக இன்னும் சில நாட்கள் எடுக்கும். கருவிழி கூம்பாக நீளும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் தருகிறார்கள். கண்ணாடியால் சரிசெய்ய முடியாத பார்வையை அந்த லென்ஸ் மீட்டுத் தருகிறது.

பழகிய பிறகுதான் எச்சரிக்கை

கண் பழகியதும் லென்ஸ் இருப்பதே மறந்துபோகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கண் இரண்டு வாரத்தில் பழகிவிடும். கையின் பழக்கத்தை நாமாக உண்டாக்கி, நாள் தவறாமல் காப்பாற்ற வேண்டும்.

தண்ணீர்: காவிரிக் குழாய் நீரானாலும், போர்வெல், டேங்கர் நீரானாலும் லென்ஸில் படக்கூடாது. நாம் குடிக்கும் நல்ல நீரிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாத அது, லென்ஸோடு ஒட்டிக் கருவிழிக்குள் நுழைந்தால் மாதக்கணக்கில் வைத்தியம் தேவைப்படும். காய்ச்சிய நீரும் வேண்டாம், எச்சிலும் வேண்டாம். லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் குளிக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் தீபாவளிக் குளியலுக்கும் இதே விதிதான்.

சொல்யூஷன்: நேற்று டப்பியில் இருந்ததைக் கொட்டிவிட்டு இன்று புதிதாக ஊற்ற வேண்டும். பழையதோடு கொஞ்சம் சேர்த்து நிரப்பும் சிக்கனம் வேண்டாம். 2006-இல் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் லென்ஸ் அணிந்தவர்களிடையே பூஞ்சைத் தொற்று பரவி, ரீநியூ மாய்ஸ்சர்லாக் என்ற சொல்யூஷனையே உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். பழைய சொல்யூஷனை மறுபடி பயன்படுத்துவதும் ஆபத்தைக் கூட்டியதாக அப்போது கண்டறிந்தார்கள். டப்பியைச் சொல்யூஷனாலேயே அலசி, கவிழ்த்து உலர வைத்து, மூன்று மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

தூக்கம்: லென்ஸோடு தூங்கினால் தொற்று வரும் வாய்ப்பு ஆறு முதல் எட்டு மடங்கு கூடுகிறது. வீட்டில் இருக்கும்போது கழற்றிவிடுகிறோம். நம்மைப் போன்றவர்கள் தடுமாறுவது ஊருக்குப் போகும் இரவுப் பயணத்தில். பொங்கலுக்குக் கூட்ட நெரிசலில் பஸ் ஏறி, ஓசூர் தாண்டுவதற்குள் கண் அயர்ந்துவிடும். பஸ்ஸில் கை கழுவ வசதி ஏது? ஆகையால் நான் இரவுப் பயணம் என்றால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியோடுதான் கிளம்புகிறேன். பையில் டப்பி, சிறிய சொல்யூஷன் பாட்டில் இரண்டும் இருக்கும். பெரிய பாட்டிலிலிருந்து வேறு புட்டியில் ஊற்றிக்கொண்டு போவதில்லை.

அடுப்படி: பச்சை மிளகாய் நறுக்கும் முன்பே லென்ஸ் போட்டு முடித்துவிட வேண்டும். மிளகாய்க் காரம் சோப்பில் எளிதில் போகாது. இரவில் கழற்றும் நாளில் மிளகாய் வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். கண்மை தீட்டுவது லென்ஸ் போட்ட பிறகு, துடைப்பது கழற்றிய பிறகு. கோவிலில் விபூதி, குங்குமம் இடும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

பெண் பார்க்கும் நாளும் கல்யாண நாளும்

சென்ற ஆண்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வராங்க. கண்ணாடி வேண்டாம்னு அம்மா சொல்றாங்க. இன்னிக்கு லென்ஸ் வாங்கினா பழகிடுமா?" என்று கேட்டாள். அன்று வியாழக்கிழமை. மூன்று நாளில் கண் சிவந்து நீர் வடிய நிற்பதைவிடக் கண்ணாடியோடு நிற்பது அழகு என்று சொன்னேன். அவள் அம்மாவிடமும் பேசினேன். கண்ணாடி ஒரு குறையல்ல. மறைத்து முடிக்கும் கல்யாணத்தில், மறுநாள் காலை அந்தப் பெண் தலையணை அருகே கண்ணாடியைத் தடவித் தேடும்போது என்ன சொல்வது? அவள் கண்ணாடியோடுதான் உட்கார்ந்தாள்.

மணப்பெண் அலங்காரத்தில் நிற லென்ஸ் வைக்கும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. பவர் இல்லாவிட்டாலும் அதுவும் லென்ஸ்தான். ஒருவர் கண்ணில் வைத்ததை இன்னொருவருக்கு வைக்கவே கூடாது. முகூர்த்தத்துக்கு லென்ஸ் வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே கண் மருத்துவரைப் பார்த்துப் பழகுங்கள். ஒருநாள் மட்டும் போட்டு எறியும் வகை அதற்கு ஏற்றது.

உடனே செய்ய வேண்டியது

கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், பூளை தள்ளினால் அந்த நிமிடமே லென்ஸைக் கழற்றுங்கள். எறிய வேண்டாம். டப்பியோடு எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். செலவுக்குத் தயங்குகிறவர்களுக்கு நம் ஊரில் மின்டோ அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு மருந்து விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்தால் சிவப்பு குறைந்தது போலத் தோன்றி, உள்ளே புண் பெரிதாகும்.

கருவிழியில் ஆழமான புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அதன்பின் வேறொருவர் தானம் செய்த கருவிழிதான் கதி. 2006-இல் ராஜ்குமார் அவர்களும் 2021-இல் அவர் மகன் புனித் அவர்களும் மறைந்தபோது கண்தானம் செய்ததை நாம் அறிவோம். புனித்தின் கண்களால் நாராயண நேத்ராலயாவில் நான்கு பேர் பார்வை பெற்றார்கள். காத்திருப்பவர்களோ ஏராளம். சோம்பலால் நாமும் அந்த வரிசையில் போய் நிற்கலாமா?

லென்ஸ் போடுகிறவர்கள் வீட்டில் சரியான பவரில் ஒரு கண்ணாடி எப்போதும் இருக்கட்டும். சளி, காய்ச்சல், கண் எரிச்சல் உள்ள நாளில் கண்ணாடியே போதும். வாங்கும் முன் லென்ஸ் விலையோடு மாதாமாதம் சொல்யூஷன் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அந்தச் செலவைக் குறைக்க நினைப்பவர் கண்ணாடியோடு இருப்பதே நல்லது. பிள்ளைகள் கேட்டால், வயதைப் பார்க்காதீர்கள். சொல்லாமலே கை கழுவும் பிள்ளையா என்று பாருங்கள். ஆம் என்றால் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம்.