மூன்று மாநிலம் கூடுகிற இடத்திலே கால்நடை வளர்ப்பு



ஊரிலே மூன்று தெரு கூடுகிற இடத்தை முச்சந்தி என்கிறோம். மூன்று மாநிலம் கூடுகிற முச்சந்தி ஒன்றும் நம் பக்கத்திலே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேப்பனப்பள்ளியைத் தாண்டிப் போனால் கரடும் காடுமாக ஒரு பகுதி வரும். அங்கேதான் நம் எல்லையும், ஆந்திராவின் குப்பம் பகுதியும், கர்நாடகத்தின் கோலார் மாவட்டமும் ஒன்றை ஒன்று தொடுகின்றன.

1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு குப்பமும் அந்தப் பக்கம் போயிற்று. குப்பத்துக்காரர் மாவட்டத் தலைநகரான சித்தூருக்குப் போக வேண்டுமானால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கிருஷ்ணகிரியும் கோலார் தங்கவயலும் அதைவிடக் கிட்டே இருக்கின்றன. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் அங்கே சந்தையிலே கலந்து கேட்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும், மாடு வாங்குவதும் விற்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை.

ஆனால் சட்டம் எல்லை பார்க்கும். பெங்களூரா என்று நாம் சொல்கிற தோத்தாபுரி மாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கூழ் ஆலைகள் சித்தூர் மாவட்டத்திலே நிறைய. 2025-இல் விலை விழுந்தபோது, ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் தங்கள் விவசாயிக்குக் கிடைக்க ஆந்திர அரசு வழி செய்தது. அதோடு அந்த ஜூன் மாதம் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் ஆணை போட்டது. கர்நாடக முதலமைச்சர் கடிதம் எழுதும் அளவுக்கு விஷயம் போயிற்று. எல்லையோரத் தோட்டக்காரர் காய் பறிக்கும் முன்பே அக்கரை நிலவரத்தையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

லாரியைச் சோதனைச் சாவடியிலே நிறுத்திவிடலாம். கோமாரி நோயை எப்படிங்க நிறுத்துவது? நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

கோமாரி ஒரு வைரஸ் நோய். கிருமி உள்ளே போன 2 நாளிலிருந்து 14 நாளுக்குள் காய்ச்சல், வாயிலே கொப்புளம், எச்சில் ஒழுகல், குளம்பிலே புண் எல்லாம் வரும். இடையிலே மாடு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அறிகுறி தெரிவதற்கு முன்னாலேயே அது நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். சந்தையிலே பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து வாங்கி வருகிறோம். கூடவே நோயையும் ஓட்டி வந்தது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிகிறது. எல்லைக் கிராமம் ஒன்றில் நானே பார்த்தேன். அக்கரைச் சந்தையில் வாங்கிய ஒரு ஜோடி எருதை அன்றைக்கே பழைய தொட்டியிலே தண்ணீர் காட்டினார்கள். பத்து நாளில் அந்தத் தெருவில் பால் கறக்கிற மாடு ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு கன்றுகள் படுக்காமல் கொள்ளாமல் திடீரென்று செத்தன. இந்த நோய் கன்றின் இதயத்தைத் தாக்கும். ஆகவே நோய் கண்ட தாயிடம் கன்றை ஊட்ட விடாதீர்கள்.

நாடு முழுவதற்குமான இலவசத் தடுப்பூசித் திட்டம் 2019-இல் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி. காதிலே 12 எண் கொண்ட வில்லையும் போடுகிறார்கள். முச்சந்திக்காரர்களுக்கு இதிலே ஒரு சங்கடம் உண்டு. முகாமை அந்தந்த மாநிலம்தான் நடத்துகிறது. நம் பக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் நடக்கலாம். நடுவிலே இரண்டு பக்கத்து மாடும் ஒரே கரட்டில்தான் மேயும். அதனாலே முகாம் தேதி தெரிந்ததும் அக்கரையிலே இருக்கிற உறவுக்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் தேதியையும் கேட்டு உங்கள் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை சந்தைப் பக்கம் மாட்டை ஓட்டாதீர்கள்.

புதிதாக வாங்கின மாட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். தனித் தொட்டி, தனி வாளி. பழைய மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு, கடைசியாகப் புதுசுக்கு வையுங்கள். கொட்டகையைக் கழுவ 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா போதும். மாட்டுத் தரகர் வந்து போனாலும் வாசலிலே இந்தத் தண்ணீரில் நனைத்த சாக்கை விரித்து மிதித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கொஞ்சம் சிரிப்பார், சிரிக்கட்டும்.

வாங்கும்போது காது வில்லை இருக்கிறதா, கடைசி ஊசி எப்போது போட்டது என்று கேளுங்கள். எந்த மாநிலத்து மாடானாலும் அந்த 12 எண்ணை நம் கால்நடை மருந்தகத்தில் சொன்னால் பதிவைப் பார்க்க முடியும். பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.