வெளிச்சம் ஊருக்கு, புகை சேரிக்கா?

கோடை மாலையில் தாம்பரம்–வேளச்சேரி சாலையில், செம்பாக்கம் பக்கம் கரண்ட் போனால் முதலில் காதில் விழுவது ஜெனரேட்டர் சத்தம். அடுக்குமாடிகளில் சில நொடிகளில் லிஃப்ட் மறுபடி ஓடும். தனி வீடுகளில் இன்வெர்ட்டர் மின்விசிறியைச் சுற்றவிடும். அந்த ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனித்ததுண்டா? வாசல் பக்கம் யாரும் வைப்பதில்லை. பின்சுவர்ப் பக்கமோ சந்துப் பக்கமோதான் வைப்பார்கள். அந்தச் சந்தில் பனையோலை விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கரண்ட் வராது, புகை மட்டும் வரும்.

ஒரு கட்டடத்தின் இந்தக் கதை ஒரு மாநிலத்துக்கும் பொருந்தும். மாநிலத்துக்கும் ஜெனரேட்டர் வேண்டும். 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. பொழுது சாய்ந்தால் சூரியசக்தி நின்றுவிடும். காற்றாலை காற்று அடிக்கும்போதுதான் சுற்றும். அந்த இடைவெளியை நிரப்ப, வருடத்தில் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடுவதற்கென்றே கட்டப்படும் மின்நிலையங்கள் உலகெங்கும் உண்டு. எரிவாயு டர்பைனை நிமிடக் கணக்கில் முழு வேகத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அனல்மின் நிலையத்தின் கொதிகலன் சூடேற மணிக்கணக்கில் ஆகும். வடசென்னையில் 1996-இல் வந்த 120 மெகாவாட் பேசின் பிரிட்ஜ் எரிவாயு டர்பைன் நிலையம் இந்த வகையைச் சேர்ந்தது. அதைச் சுற்றி வாழ்பவர்கள் உழைக்கும் மக்கள்.

காத்திருப்பு நிலையம் சில மணி நேரம்தான் ஓடும். அது உட்கார்ந்திருக்கும் நிலமோ 365 நாளும் போய்விடுகிறது. யாருடைய நிலம் போகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் ஒரு சிற்றூரில் எழுந்த இதே கேள்வி நம் ஊர் மாணவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அரிசோனா மாநிலத்தில் ராண்டால்ஃப் என்ற ஊர். 1920, 30-களில் பருத்தி எடுக்க வந்த கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள் உருவாக்கிய ஊர் அது. பக்கத்து நகரங்களில் அவர்களை வீடு வாங்க விடாத காலம். ஊருக்கு வெளியே சேரி என்று நாம் சொல்வது அவர்களுக்குப் புதிதல்ல. காலப்போக்கில் ஊரைச் சுற்றி ரயில் பாதை வந்தது, எரிவாயுக் குழாய் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன. பக்கத்திலேயே 12 டர்பைன்களோடு ஒரு காத்திருப்பு மின்நிலையமும் வந்தது. 2021-இல் அந்த நிலையத்தை நடத்தும் 'சால்ட் ரிவர் புராஜெக்ட்' என்ற பொது மின்நிறுவனம், இன்னும் 16 டர்பைன்கள், 820 மெகாவாட் சேர்க்க முடிவெடுத்தது. மக்கள் வளர்கிறார்கள், வெயில் கூடுகிறது, மின்சாரம் போதாது என்பது அதன் வாதம். வாதத்தில் பொய் இல்லை. ஆனால் எல்லாத் தேவைக்கும் ஏன் எங்கள் ஊரே என்று ராண்டால்ஃப் மக்கள் கேட்டார்கள்.

வயதானவர்கள் விசாரணைகளில் எழுந்து நின்று பேசினார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் துணை நின்றன. சூரியசக்தியும் பேட்டரியும் சேர்ந்த மாற்று வழியைச் சரியாக ஆராய்ந்தீர்களா என்ற கேள்வி எழுந்தது. 2022 ஏப்ரலில் மாநில ஒழுங்குமுறை ஆணையம் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் திட்டத்தை நிராகரித்தது. நிறுவனம் நீதிமன்றம் போய் அங்கும் தோற்றது. கதை அதோடு முடியவில்லை. 2023-இல் உடன்பாடு ஏற்பட்டு, 12 டர்பைன்களாகக் குறைத்த திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. பதிலுக்குச் சாலை, வீட்டுச் சீரமைப்பு, கல்வி உதவி போன்ற வாக்குறுதிகள் வந்தன. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் எழுந்து பேசியிராவிட்டால் குறைந்த அந்த நான்கு டர்பைன்களும் குறைந்திருக்காது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கிறது செய்யூர். பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. ஏரிப் பாசனமும் விவசாயக் கூலியும் பிழைப்பாக உள்ள பகுதி. மத்திய அரசின் பெருமின் திட்டங்களில் ஒன்றாக 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அங்கே திட்டமிடப்பட்டது. இது காத்திருப்பு நிலையம் அல்ல, இரவு பகலாக ஓடவிருந்த நிலையம். நிலக்கரி இறக்கப் பனையூர்க் கடற்கரையில் துறைமுகம். மின்சாரம் தமிழ்நாட்டோடு வேறு பல மாநிலங்களுக்கும் போகும். சாம்பல் மட்டும் செய்யூரிலேயே தங்கும். 2013-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. உழுது பயிரிடும் நிலத்தையும் ஏரிகளையும் ஆவணங்கள் சரியாகக் காட்டவில்லை என்று எதிர்த்தவர்கள் வாதாடினார்கள். கடைசியில் டெண்டரில் போட்டியிட நிறுவனங்கள் முன்வராததால் 2015-இல் அந்த டெண்டர் ரத்தானது. அங்கே புகைபோக்கி எழவில்லை. ஆனால் அத்தனை வருடமும் நிலம் போகுமா, கூலி வேலை போகுமா என்ற கவலையோடு குடும்பங்கள் காத்திருந்தன. அந்தக் காத்திருப்புக்கு யாரும் நஷ்டஈடு தருவதில்லை.

ராண்டால்ஃபுக்கும் செய்யூருக்கும் பொதுவான ஒன்று உண்டு. திட்டம் போடுபவர் வரைபடத்தில் தேடுவது 'காலி இடம்'. பட்டா இல்லாதவர் வாழும் இடம் அந்த வரைபடத்தில் காலியாகவே தெரியும். மேய்ச்சல் புறம்போக்கும் ஏரிக்கரையும் யார் பெயரிலும் இல்லை. ஆனால் அவற்றை நம்பித்தான் ஆடு வளர்க்கிறோம், விறகு எடுக்கிறோம்.

இந்த மண்ணுக்கு இது புதுச் செய்தி அல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். நிலமும் மனைக்கட்டும் கையில் இல்லாததே அடிமைத்தனத்தின் வேர் என்பதை அது காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892 முதல் வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பின்னாளில் அவற்றில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. 1994-இல் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர்.

ஆகவே, ஒரு திட்டம் வருகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் நம் பிள்ளைகள் செய்ய வேண்டியது என்ன? முதலில் தாலுகா அலுவலகத்தில் கிராம 'அ' பதிவேட்டைப் பாருங்கள். தேவையானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். திட்ட எல்லைக்குள் பஞ்சமி நிலம், நத்தம், மேய்ச்சல் புறம்போக்கு எவ்வளவு என்பது எழுத்தில் கைக்கு வரட்டும்.

அடுத்தது கருத்துக்கேட்புக் கூட்டம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். ஆட்சியர் அல்லது அவர் நிலையில் பொறுப்பேற்கும் உயர் அதிகாரி தலைமை தாங்க வேண்டும். பேச்சு முழுக்க வீடியோவில் பதிவாக வேண்டும். கூட்ட முடிவில் பேசியவற்றின் தொகுப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நம் தெருக்காரர் சொன்னது அதில் விடுபட்டால், கூட்டம் கலைவதற்கு முன் அங்கேயே சொல்லுங்கள்.

மூன்றாவது, நிலம் இல்லாதவரும் பாதிக்கப்பட்டவரே. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. பட்டியல் சாதியினர் நிலம் எடுக்கப்பட்டால், நிலத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது தரச் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தின்கீழ் எடுத்தால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. எந்தச் சட்டத்தில் நோட்டீஸ் வருகிறது என்பதை முதல் வரியிலேயே பாருங்கள்.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இரவில் படிக்கும் பிள்ளைக்கு விளக்கு வேண்டும், அது அணையாமல் எரிய வேண்டும். அந்த விளக்குக்கான புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முடிவு செய்யும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.