கார்கள் கடந்து செல்கின்றன; மிதிவண்டிகள் தங்கிச் செல்கின்றன

புதுதில்லி: எல்லையோரக் கிராமங்களை நாட்டின் கடைசிக் கிராமங்கள் என்று சொல்லக்கூடாது, அவையே முதல் கிராமங்கள் என்று 2022 அக்டோபரில் உத்தரகண்ட் மாநிலம் மாணாவில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். அதைத் தொடர்ந்து 2023 பிப்ரவரியில் "துடிப்பான கிராமங்கள்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025-26 நிதியாண்டு வரையிலான காலத்துக்கு ரூ.4,800 கோடி. இதில் ரூ.2,500 கோடி சாலைகளுக்கு மட்டும்.

அருணாசலப் பிரதேசம், சிக்கிம், உத்தரகண்ட், ஹிமாசலப் பிரதேசம், லடாக் ஆகியவற்றின் 19 எல்லை மாவட்டங்களில் 2,967 கிராமங்கள் அடையாளம் காணப்பட்டன. வேலையும் வருமானமும் தேடி மக்கள் ஊரைக் காலி செய்து போவதைத் தடுப்பதே திட்டத்தின் நோக்கம். ஆள் இல்லாத எல்லை பாதுகாப்பற்ற எல்லை என்பது தில்லி அதிகாரிகள் நன்கறிந்த பாடம்.

சாலை போட்டால் சுற்றுலாப் பயணி வருவார். பயணி வந்தால் பணம் வரும். பணம் வந்தால் மக்கள் ஊரிலேயே இருப்பார்கள் என்பது இத்திட்டத்தின் கணக்கு. வந்த பயணி அந்தக் கிராமத்தில் நிற்கிறாரா என்ற கேள்வி மட்டும் இக்கணக்கில் விடுபட்டுப் போகிறது. அதற்கான விடையை ஹிமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் - ஸ்பிதி மலைப்பாதையில், மிதிவண்டிப் பயணிகளிடம் காணலாம்.

சட்லெஜ் கரையில்: சிம்லாவில் புறப்படும் இப்பாதை, ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்கண்டாவைத் தொட்டுவிட்டு, சட்லெஜ் நதிக்கரைக்கு இறங்குகிறது. ராம்பூரைக் கடந்து, நதியை ஒட்டியே கின்னௌர் மாவட்டத்துக்குள் நுழைகிறது. திபெத்துடன் வணிகம் செய்வதற்காக டல்ஹௌசி பிரபு காலத்தில், 1850-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் - திபெத் சாலையின் வழித்தோன்றல் இது. தராண்டாவில் செங்குத்துப் பாறையைக் குடைந்து சாலை அமைத்திருக்கிறார்கள். அங்குள்ள அம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தி வணங்காமல் ஓட்டுநர்கள் மேலே செல்வதில்லை.

மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து வெற்றுமலைகள் தொடங்குகின்றன. காப் என்னுமிடத்தில் ஸ்பிதி நதி சட்லெஜில் கலக்கிறது. அங்கிருந்து நாகோ கிராமத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம், வளைந்து வளைந்து ஏற வேண்டும். பிறகு சும்தோ, கி.பி. 996-இல் நிறுவப்பட்ட பௌத்த மடாலயம் உள்ள தாபோ, ஸ்பிதியின் தலைமையிடமான காஜா என்று பாதை நீள்கிறது. அதற்கப்பால் 4,500 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள குன்ஸும் கணவாயைக் கடந்தால் மணாலியை அடையலாம்.

மணாலி வழியாக நேரே ஸ்பிதிக்குள் நுழைபவர்கள் இரண்டொரு நாளில் பெரும் உயரத்தை எட்டிவிடுவதால் தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறலுக்கு ஆளாவதுண்டு. கின்னௌர் வழியில் உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடல் பழகிக்கொள்கிறது. அனுபவமுள்ள மிதிவண்டிப் பயணிகள் இவ்வழியைத் தேர்வதற்கு முதற்காரணம் இதுவே.

ஒரு நாளும் ஐந்து நாளும்: ரெக்காங் பியோவிலிருந்து காஜாவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காரில் செல்பவர் காலையில் கிளம்பினால் மாலையில் சேர்ந்துவிடலாம். வழியில் ஒரு தேநீர், ஒரு புகைப்படம், அவ்வளவுதான். மிதிவண்டியில் செல்பவருக்கு நாளொன்றுக்கு 40 அல்லது 50 கிலோமீட்டரே இயலும். ஆகவே அவருக்கு நான்கு அல்லது ஐந்து நாள் தேவை. பூஹ், நாகோ, சாங்கோ, தாபோ என்று ஒவ்வோர் ஊரிலும் ஓர் இரவு. படுக்க இடம், மூன்று வேளை உணவு, குடிக்க நீர், பழுது பார்க்க ஒரு கை என எல்லாமே அவருக்குக் கிராமத்திலிருந்துதான் கிடைத்தாக வேண்டும்.

அந்தப் பணம் பெரிய விடுதிகளுக்குப் போவதில்லை. வீட்டில் ஓர் அறையைப் பயணிகளுக்கு விடும் குடும்பத்துக்குப் போகிறது. வீடுகளில் பயணிகளைத் தங்கவைக்கும் திட்டத்தை ஹிமாசல அரசு 2008-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லாஹௌல் - ஸ்பிதி மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 31,564. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2 பேர். ஆப்பிள், பட்டாணி விளைச்சலை நம்பியிருக்கும் இத்தகைய ஊர்களில், கோடைக்காலத்தில் ஒரு வீட்டுக்கு இருபது இரவு விருந்தினர் வந்தாலும் அது சிறு வருமானம் அல்ல.

திறக்கும் எல்லை: கரோனாவுக்கு முன்புவரை ஷிப்கி லா கணவாய் வழியாகத் திபெத்துடன் கின்னௌர் மக்கள் சிறு வணிகம் செய்துவந்தனர். 2020-இல் அது நின்றது. எல்லை வணிகத்தை மீண்டும் தொடங்க 2025 ஆகஸ்டில் இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்டன. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், ஷிப்கி லாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்வதை முதல்வர் சுக்விந்தர் சிங் சுக்கு தொடங்கி வைத்தார். எல்லையை ஒட்டிய கியூ கிராமத்துக்குக் கைப்பேசித் தொடர்பு வந்ததே 2024 ஏப்ரலில்தான். அப்போது பிரதமரே அக்கிராமத்தினருடன் தொலைபேசியில் பேசினார்.

சிம்லாவிலிருந்து காஜா வரையிலான பிரதான சாலையில் இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. வெளிநாட்டினர் ரெக்காங் பியோவுக்கு அப்பால் சும்தோ வரையிலான பகுதிக்கு உள்எல்லை அனுமதி பெற்றாக வேண்டும்.

சரியும் மலை: இவ்வளவும் சாலை நிலைத்திருந்தால்தான். 2021 ஜூலை 25-இல் கின்னௌரின் பட்சேரி அருகே பாறைகள் உருண்டு விழுந்து 9 சுற்றுலாப் பயணிகள் இறந்தனர். அடுத்த பதினேழாம் நாள், ஆகஸ்ட் 11-இல், நிகுல்சாரியில் தேசிய நெடுஞ்சாலையின் மீது மலை சரிந்து அரசுப் பேருந்தும் பிற வாகனங்களும் புதையுண்டன. 28 பேர் உயிரிழந்தனர். நாகோவை அடுத்த மாலிங் ஓடைப் பகுதி, ஆண்டுக்கணக்கில் சரிந்துகொண்டே இருக்கும் இடமாகப் பெயர் பெற்றது.

இமயமலை இயல்பிலேயே இளகிய மலை. அதில் சாலையை அகலப்படுத்தவும், நீர்மின் திட்டங்களுக்குச் சுரங்கம் அமைக்கவும் வெடி வைக்கிறார்கள் என்பது கின்னௌர் மக்களின் குறை. சட்லெஜில் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி உள்ளிட்ட திட்டங்கள் ஏற்கெனவே இயங்குகின்றன. மேலும் ஒரு திட்டமாக ஜங்கி தோபன் போவாரி முன்வைக்கப்பட்டபோது "வேண்டாம் என்றால் வேண்டாம்' என்ற முழக்கத்துடன் இளைஞர்கள் போராடினர். 2021 மண்டி மக்களவை இடைத்தேர்தலைச் சில கிராமங்கள் புறக்கணித்ததும் இதன் தொடர்ச்சியே.

ராணுவத்துக்கு நல்ல சாலை தேவை என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. உத்தரகண்டின் சார் தாம் சாலை வழக்கில் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், பாதுகாப்புத் தேவையை ஏற்று அகலமான சாலைக்கு இசைவளித்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. சிக்ரி தலைமையில் குழுவும் அமைத்தது. ஆனால் ராணுவத்துக்கான அகலத்தையும் சுற்றுலாவுக்கான அகலத்தையும் ஒன்றாகப் பேசும்போதுதான் சிக்கல் எழுகிறது. சுற்றுலாவை வளர்க்க நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே நாளில் நாகோவைக் கடக்க வேண்டிய அவசியமில்லை. நாலு பேர் நாகோவில் தங்கினால் போதும்.

தேவை என்ன?: மிதிவண்டிப் பயணிகளுக்குப் பெரும் செலவில் எதையும் கட்டித்தர வேண்டியதில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கீழ்க் கின்னௌரில் மண்சரிவு அபாயம் மிகுதி. சாலை நிலவரத்தை ஊருக்கு ஊர் அறிவிக்க வேண்டும். குன்ஸும் கணவாய்க்கு அப்பாலுள்ள பாதையில் பனி உருகி, பிற்பகலில் ஓடைகள் பெருகும். அதிகாலையிலேயே கடக்குமாறு எச்சரிக்கும் பலகைகள் வேண்டும். நீண்ட ஏற்றங்களில் குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிராணவாயு உருளை, சிறு கிராமங்களிலும் தங்கும் வீடுகளுக்கு எளிய பதிவுமுறை - இவை போதும். இவை ஒவ்வொன்றும் பயணிக்கு முன்னதாகக் கிராமத்தினருக்கே பயன்படும்.

எத்தனை கிலோமீட்டர் சாலை போடப்பட்டது, எத்தனை கோடி செலவிடப்பட்டது என்ற கேள்விகளுக்கு நாடாளுமன்றத்தில் பதில் கிடைத்துவிடும். அந்தச் சாலையில் வந்தவர்கள் எந்த ஊரில், எத்தனை இரவு தங்கினார்கள் என்று கேட்கவும் உறுப்பினர்கள் முன்வர வேண்டும். முதல் கிராமம் முதல் கிராமமாகவே நீடிக்குமா என்பது அந்தப் பதிலைப் பொருத்தது.